வலக்காலிலிருந்து இடக்காலுக்கு

திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொழிற்சாலை 1956-இல் திறந்தபோது, இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்து புல்லட் மோட்டார் சைக்கிளின் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 163 வண்டிகள் தயாராயின. பாகங்களோடு ஓட்டும் முறையும் வந்து இறங்கியது: கியர் வலக்காலில், பின்சக்கர பிரேக் இடக்காலில். அன்றைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை அப்படித்தான்.

முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கியர் லிவருக்குப் பக்கத்திலேயே குதிகாலுக்கென்று ஒரு சின்ன லிவர் உண்டு. மூன்றாவதிலோ நான்காவதிலோ வண்டி நிற்க நேர்ந்தால், கிளட்சைப் பிடித்துக்கொண்டு அதை ஒரு மிதி மிதித்தால் நேராக நியூட்ரல். முதல் கியரில் மட்டும் அது வேலை செய்யாது. எண்ணூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போகிறவருக்கு அதன் அருமை தெரியும்.

எல்லைக் காவலுக்காகப் புல்லட் வாங்கிய ராணுவத்திலும், பிறகு போலீஸிலும், இந்த முறையிலேயே கால்கள் பழகின. பாகங்கள் அனுப்பிய இங்கிலாந்துக் கம்பெனி 1970-இல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் அதே வண்டி, அதே வலக்கால் கியர்.

வெளியே உலகம் மாறிக்கொண்டிருந்தது. ஜப்பானிய வண்டிகள் இடக்கால் கியரைப் பரப்பின. 1974 செப்டம்பர் முதல் தயாராகும் மோட்டார் சைக்கிள்களில் கியர் இடக்காலில்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டமே போட்டது. 1980-களின் நடுவில் இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100 எல்லாம் நம் தெருவுக்கு வந்துவிட்டன. அவற்றில் ஓட்டக் கற்ற பையன் அப்பாவின் புல்லட்டை எடுக்கும்போதுதான் ஆபத்து. குறுக்கே யாராவது வந்தால், பிரேக் என்று நினைத்து வலக்காலை அழுத்துவான். புல்லட்டில் கீழே அழுத்தினால் அடுத்த கியர் விழும். வேகத்தைக் குறைக்க வேண்டிய நொடியில் பிரேக்கே பிடிபடாது. அப்பா மகனின் வண்டியை ஓட்டினாலும் இதே தடுமாற்றம்தான். இடக்காலால் பிரேக்கைத் தேடுவார். அங்கே இருப்பது கியர்.

ஐஷர் குழுமத்தின் கைக்கு 1994-இல் வந்த என்ஃபீல்டு நிறுவனம், 2000-க்குப் பிறகு ஐந்து கியர், இடக்கால் லிவர் கொண்ட வண்டிகளை இறக்கியது. பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். அது வீண் பிடிவாதம் அல்ல. இருபது முப்பது வருஷம் ஓட்டியவர் யோசித்துப் பிரேக் போடுவதில்லை, கால் தானாகப் போகிறது. அந்தக் காலைத் திருப்பிப் பழக்குவது சுலபமான காரியமில்லை.

பழகிய முறையை மாற்றும்போது எழும் இந்தச் சிக்கலுக்கு, இமாக்ஸ் என்ற கணினி எழுத்துத் தொகுப்பானில் வழி இருக்கிறது. 2009-இல் வந்த அதன் 23-ஆம் பதிப்பு, தேர்ந்தெடுத்த பகுதியை நிறமிட்டுக் காட்டுவதை எல்லாருக்கும் இயல்பான அமைப்பாக்கியது. வேண்டாதவர் தன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் பழையபடி ஆகிவிடும். இரும்பில் செய்த கியர் பெட்டிக்கு அந்த வசதி ஏது?

இருந்தும், நிறுவனம் ஒரே நாளில் கதவைச் சாத்தவில்லை. இடக்கால் கியர் கொண்ட எலக்ட்ரா மாடல் விற்ற அதே காலத்தில், வார்ப்பிரும்பு எஞ்சினோடு வலக்கால் கியர் கொண்ட ஸ்டாண்டர்ட் மாடலும் விற்பனையில் இருந்தது. வேண்டியதை வாங்குகிறவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாக வார்த்த புதிய எஞ்சின் 2008-இலிருந்து வரத் தொடங்கியது. 2010 வாக்கில் பழைய எஞ்சின் நின்றது. வலக்கால் கியரும் அதோடு போனது.

புதிதாகக் கற்கிறவரின் காலுக்கு ஏற்றபடி மாற்றியது சரியான முடிவு. சில ஆண்டுகள் இரண்டையும் விற்றது அதைவிட நல்ல முடிவு. ஆனால் குதிகால் நியூட்ரல் லிவர் வலப்பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. அதையும் இடப்பக்கத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும்.