பாரி மகளிரின் கல்யாணம்

காரவள்ளியில் பஸ் முதல் கியருக்கு மாறும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. செம்மேட்டில் குதிரைமேல் வில்லோடு இருக்கிற வல்வில் ஓரி சிலைக்கு முன்னால் எல்லோரும் செல்ஃபி எடுக்கிறோம். அந்த ஓரியைக் கொன்றவன் முள்ளூர் மன்னன் காரி என்கிறது அகநானூற்றின் 209ஆம் பாடல். கொன்றான், மலையைச் சேரனிடம் கொடுத்தான். இந்தக் காரியின் மலையமான் குடிக்குத்தான், ஒரு கல்வெட்டை நம்பினால், இன்னொரு மலையின் இளவரசி மருமகளாகப் போனாள்.

பறம்புமலைப் பாரியின் மகள்களைச் சொல்கிறேன். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்காலக் கதைகளில்தான் வருகின்றன. சங்கப் பாடல்களில் அவர்கள் வெறும் 'பாரி மகளிர்'. 2007இல் 'சிவாஜி' படம் அந்தப் பெயர்களைக் கறுப்பான பெண்களைக் கிண்டல் செய்யும் காமெடிக்கு எடுத்துக்கொண்டது. தியேட்டரே சிரித்தது.

மூவேந்தரால் பாரி வீழ்ந்த பிறகு பெண்களின் பொறுப்பு அப்பாவின் நண்பர் கபிலருக்கு வந்தது. புறநானூறு 116இல் அவர் காட்டும் காட்சி என்னை விடாமல் துரத்துகிறது. மலைமேல் நின்று, படையெடுத்து வந்த அரசர்களின் குதிரைகளை எண்ணிய பெண்கள், இப்போது சுரையும் பீர்க்கும் படர்ந்த சின்ன வீட்டருகே குப்பைமேட்டில் ஏறி, உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். எண்ணுகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

கபிலர் முதலில் விச்சிக்கோவிடம் போய்க் கேட்டார். வேலைக்காகவில்லை. அடுத்து இருங்கோவேள். 'உன் குலம் நாற்பத்தொன்பது தலைமுறை பழமையானது' என்று புகழ்ந்தும் அவன் மசியவில்லை. கோபத்தில் கபிலர், புலவரை இகழ்ந்த உன் முன்னோரின் ஊர் என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார் (202). ஏன் மறுத்தார்கள்? மூவேந்தரின் பகை வீட்டுக்குள் வந்துவிடும் என்ற பயம்தான் என்று நினைக்கிறேன். பெண்களைப் பார்த்தா மறுத்திருப்பார்கள்? வரைபடத்தைப் பார்த்து மறுத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு வெர்ஷன்கள் முட்டிக்கொள்கின்றன. புறநானூற்றின் அடிக்குறிப்பு, கபிலர் அவர்களைப் பார்ப்பனர் பொறுப்பில் விட்டு வடக்கிருந்தார் என்கிறது. ராஜராஜன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டோ பாரியின் பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீயில் இறங்கினார் என்கிறது. அதில் ஒரு பெண்தான். இன்னொருத்தி எங்கே? பிற்காலக் கதையில் ஔவையார் வந்து இருவருக்கும் ஒரே மாப்பிள்ளையைப் பார்த்துக் கல்யாணம் முடிக்கிறார். எனக்கு அடிக்குறிப்புமேல் கொஞ்சம் அதிக நம்பிக்கை. சோகமான முடிவை யாரும் மெனக்கெட்டு உருவாக்க மாட்டார்கள், கல்யாணத்தை உருவாக்குவார்கள்.

ருமேனிய இளவரசி இலியானா 1931இல் ஆஸ்திரிய இளவரசரை மணந்தார், 1948இல் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார், 1954இல் விவாகரத்தும் மறுமணமும், கடைசியில் அமெரிக்காவில் துறவி. நாட்டை இழந்த கதையை 1952இல் அவரே புத்தகமாக எழுதிவிட்டார். பாரி மகளிர் சொந்தமாகச் சொன்னதாக நம்மிடம் இருப்பது ஐந்தே வரி, புறநானூறு 112. அதில் நிலா, அப்பா, மலை. மாப்பிள்ளை பற்றி ஒரு சொல்கூட இல்லை.