முடிச்சு விழுந்த கதை

1954இல் மேரி வெப்ஸ்டர் என்ற 31 வயதுப் பெண் தன் வேலையை விட்டார். இங்கிலாந்தின் காங்கிரகேஷனல் திருச்சபையில் அவர் போதகர். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, அவருக்கோ திருமணமாகவில்லை. அந்தக் காலத்தில் மணமாகாத மகள் என்றால் பெற்றோரின் முதுமை அவள் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிடும். சம்பளம் போகும். தேசியக் காப்பீட்டுக்குக் கட்டும் சந்தா நிற்கும். பெற்றோர் காலமான பிறகு ஐம்பது வயதில் அவள் கையில் வேலையும் இருக்காது, ஓய்வூதிய உரிமையும் தேய்ந்திருக்கும்.

1963இல் மேரி பத்திரிகைகளுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதத் தொடங்கினார். தன்னைப் போன்ற பெண்கள் எத்தனை வீடுகளுக்குள் அடைபட்டிருக்கிறார்கள் என்பது அதற்கு வந்த பதில்களில் தெரிந்தது. 1965இல் மணமாகாத பெண்களுக்கும் அவர்களை நம்பியிருப்போருக்குமான தேசிய மன்றம் பிறந்தது. இன்றைய ‘கேரர்ஸ் யூகே’ அமைப்பின் வேர் அதுதான்.

அதே 1965இல் இன்னொரு பெண்ணும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மேகன் டு பாய்சன் இல்லத்தரசி; மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் அவர் நடமாட்டத்தை முடக்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் அடிபட்டவருக்கும் போரில் காலிழந்தவருக்கும் அரசு பணம் தந்தது. சந்தா கட்டியவர் நோயில் விழுந்தால் அவருக்கும் ஏதோ கிடைத்தது. வீட்டு வேலையைத் தவிர வேறு வேலை பார்க்காத மனைவி படுத்துவிட்டால் ஒன்றும் இல்லை. இதை எதிர்த்து மேகன் ‘டிசேபில்மென்ட் இன்கம் குரூப்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்.

ஒருவர் கவனிப்பவர், மற்றவர் கவனிக்கப்பட வேண்டியவர். இருவரும் கேட்டது ஏறக்குறைய ஒன்றையே: சந்தாக் கணக்கைப் பார்க்காதே, வாழ்க்கை போன போக்கைப் பார். 1969இல் இருவருமே இறந்தார்கள். மேகன் தன் இயக்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகும் வழியில் கார் விபத்தில் இறந்தார். தங்கள் கடிதங்களிலிருந்து என்ன முளைத்தது என்பதை இருவரும் பார்க்கவில்லை.

முதலில் முளைத்தது அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். இதற்கான சட்டம் 1970இல் வந்தது, பணம் 1971 டிசம்பரில். பகலும் இரவும் இன்னொருவர் துணை தேவைப்படும் அளவுக்கு உடல் முடியாதவருக்கு, சந்தா கேட்காமல், வருமானம் கேட்காமல் தந்த தொகை இது. அடுத்து, பார்பரா காசில் அமைச்சராக இருந்தபோது 1974இல் வெளியிட்ட அறிக்கையில், கவனிப்பவருக்கும் ஒரு தொகை உண்டு என்ற வாக்குறுதி வந்தது. 1976 ஜூலையில் அது இன்வேலிட் கேர் அலவன்ஸ் என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. 2003 முதல் அதன் பெயர் கேரர்ஸ் அலவன்ஸ்.

முதல் முடிச்சு இங்கேதான் விழுந்தது. வாரம் 35 மணி நேரம் ஒருவரைக் கவனிக்கிறேன் என்று மகள் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது? வீடு வீடாகப் போய்ப் பார்க்க முடியாது. தாய் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வாங்குகிறாளா என்று பார்த்தால் போதும் என்று சட்டம் தீர்மானித்தது. நிர்வாகத்துக்கு இது சுலபமான வழி. மகளின் உழைப்புக்கோ அன்று முதல் சொந்தச் சான்று இல்லாமல் போயிற்று. தாயின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், மகள் இரவெல்லாம் விழித்திருந்தாலும் அவளுக்கு ஒரு பென்னியும் கிடையாது.

அந்த முதல் வடிவத்தில் இன்னொரு அநியாயமும் இருந்தது. மணமான பெண்களுக்கும் ஆணோடு சேர்ந்து வாழும் பெண்களுக்கும் இந்தத் தொகை கிடையாது. எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அரசின் எண்ணம். கவனிப்பு வேலையில் பெரும்பகுதியைச் சுமந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, கவனிப்பவருக்கான உதவி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பத்து ஆண்டுகள் இது நீடித்தது.

அதை உடைத்தவர் ஜாக்குலின் டிரேக். 1984இல் உடல் முடியாத தாய் அவர் வீட்டுக்குக் குடிவந்தார். டிரேக் வேலையை விட்டார், 1985 பிப்ரவரியில் விண்ணப்பித்தார், மணமானவர் என்பதால் தொகை மறுக்கப்பட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. சமூகப் பாதுகாப்பில் ஆணையும் பெண்ணையும் சமமாக நடத்தச் சொல்லும் 1978ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணை அவர் கையில் இருந்தது. எதிர்த்தரப்பு வேறு ஒரு கேள்வியை எழுப்பியது. அந்த ஆணை நோய், ஊனம் போன்ற இடர்களுக்குத் தரும் உதவிகளைப் பற்றியது. இந்தப் பணமோ ஊனமுற்றவருக்குப் போகாமல் மூன்றாம் நபருக்குப் போகிறது. அப்படியிருக்க ஆணை இதற்கு எப்படிப் பொருந்தும்?

1986 ஜூன் 24 அன்று நீதிமன்றம் பொருந்தும் என்றது. கவனிப்பவருக்குத் தரும் தொகையால் ஊனமுற்றவரும் பயனடைகிறார், அந்தத் தொகைக்கும் அவருக்கும் நடுவே தெளிவான பொருளாதாரத் தொடர்பு இருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். தோல்வி தெரிந்துவிட்டதோ என்னவோ, தீர்ப்புக்கு முந்தின நாளே மணமான பெண்களுக்கும் தொகையை நீட்டிப்பதாக அரசு அறிவித்தது. தாய்க்குப் போகும் பணமும் மகளுக்குப் போகும் பணமும் ஒரே வீட்டின் ஒரே துன்பத்துக்கானவை என்று அந்த நீதிமன்றம் கண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அதே தொடர்பு பறிப்பதற்கான காரணமாகவும் ஆனது. 1988 ஏப்ரலில் ஏழைகளுக்கான உதவி முறை மாற்றப்பட்டு, தனியாக வாழும் கடும் ஊனமுற்றவருக்கு ஒரு கூடுதல் தொகை வந்தது. சிவியர் டிசேபிலிட்டி பிரீமியம் என்பது அதன் பெயர். முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டில் இன்றும் அது ஒரு சேர்க்கையாகத் தொடர்கிறது. உடனிருந்து பார்க்க ஆளில்லாதவர் உதவியை விலைக்கு வாங்கிக்கொள்ளட்டும் என்பது நோக்கம். ஆகவே, அவரைக் கவனிப்பதற்காக யாருக்காவது கேரர் தொகை வழங்கப்பட்டால் அவருடைய கூடுதல் தொகை நின்றுவிடும். இது இரண்டாவது முடிச்சு.

2024-25ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். தனியே வாழும் தாயின் சேர்க்கை வாரம் 81.50 பவுண்டு. பக்கத்துத் தெரு மகளின் கேரர்ஸ் அலவன்ஸ் 81.90 பவுண்டு. மகள் வாங்கினால் தாய் இழப்பாள். குடும்பத்துக்கு லாபம் 40 பென்ஸ். மகளும் ஏழையாக, வருமானத்தை அளந்து தரும் உதவியில் இருந்தால் இன்னும் மோசம். கேரர்ஸ் அலவன்ஸை வருமானமாகக் கழித்துக்கொண்டு, கவனிப்புக்கென்று ஏறக்குறைய 46 பவுண்டு மட்டும் சேர்ப்பார்கள். குடும்பமாகப் பார்த்தால் வாரம் சுமார் 36 பவுண்டு நஷ்டம். ஆள் கிடைத்துவிட்டார், இனி தாய்க்கு எதற்குப் பணம் என்கிறது விதி. அந்த 81.90ஐ 35 மணிக்குப் பகிர்ந்தால் மணிக்கு 2.34 பவுண்டு. அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலி 11.44. மகளின் பாசத்தைத் தவிர வேறெதை இந்தப் பணத்தால் வாங்கியதாக அரசு நினைக்கிறது?

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ மகன், மருமகளோடு ஒரே வீட்டில் இருக்கும் நம் பாட்டிகளுக்குப் பொதுவாக இந்தச் சேர்க்கையே கிடையாது, வீட்டில் வேறு பெரியவர்கள் இருப்பதால். அங்கே மருமகள் விண்ணப்பித்தால் பாட்டிக்கு இந்த வகையில் இழப்பு இல்லை. தனிவீட்டில் இருக்கும் அம்மாவுக்காக விண்ணப்பிக்கும் மகள்தான் கையெழுத்துக்கு முன் அம்மாவின் கணக்கையும் வாங்கிப் பார்க்க வேண்டும்.

முடிச்சில் ஒரு சின்ன நெகிழ்வும் உண்டு. எழுபது வயது அக்கா தன் தங்கையைக் கவனிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கேரர்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பித்தால், அரசு ஓய்வூதியம் அதைவிட அதிகம் என்பதால், உரிமை உண்டு, பணம் கிடையாது என்று கடிதம் வரும். அந்தக் கடிதத்தைக் காட்டினால் அவளுடைய பென்ஷன் கிரெடிட்டில், 2024-25 கணக்கில், வாரம் 45.60 பவுண்டு சேரும். அவளுக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் பணமாக வழங்கப்படாததால் தங்கையின் சேர்க்கையும் தப்பும். பணமில்லை என்ற பதிலைப் பெறுவதற்காகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பது எத்தனை முதியவர்களுக்குத் தோன்றும்?

முதல் முடிச்சின் பலம் 2025இல் நாடு முழுக்கத் தெரிந்தது. வேலை செய்யும் வயதினருக்கான பிப் என்ற ஊன உதவித்தொகையின் தகுதியை அரசு கடுமையாக்கப் புறப்பட்டது. கேரர்ஸ் அலவன்ஸுக்கு அதுவும் ஒரு சான்று என்பதால், கவனிப்போருக்கான தொகையை 2029-30க்குள் 1,50,000 பேர் இழப்பார்கள் என்று அரசின் சொந்த மதிப்பீடே சொன்னது. கவனிப்பவரைப் பற்றி அந்தத் திட்டத்தில் ஒரு விதியும் மாறவில்லை. மாறியது அவர்களால் கவனிக்கப்படுவோருக்கான விதி. எதிர்ப்பு எழுந்து, ஜூலை 1 அன்று நாடாளுமன்ற விவாதத்தின் நடுவிலேயே மசோதாவின் அந்தப் பிரிவு விலக்கிக்கொள்ளப்படும் என்று அரசு அறிவித்தது. பிப் முழுவதையும் மறுஆய்வு செய்யும் பொறுப்பு ஈஸ்ட் ஹாம் உறுப்பினரும் அமைச்சருமான ஸ்டீபன் டிம்ஸிடம் 2025இல் ஒப்படைக்கப்பட்டது. ஊனமுற்றோரோடு சேர்ந்தே அதைச் செய்வதாக வாக்களித்திருக்கிறார்கள், அது சரியானது. கவனிப்போரின் வரும்படியும் அந்த மேசையில்தான் முடிவாகிறது. அதைக் கணக்கில் எடுத்து, மகளின் 35 மணி நேரத்தைத் தாயின் ஊன மதிப்பீட்டிலிருந்து பிரித்து அளக்கும் ஒரு வழியை அவர்கள் எழுதியாக வேண்டும்.