ஓவியம் தீட்டிய சுவரும் பெயர் எழுதாத கால்வாயும்

வடசென்னையைப் படம் எடுப்பது இப்போது பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடித் தெருக்களில் கேமராவோடு நடக்கிறார்கள். பழைய ஆலைப் பகுதி, கால்வாய், சுவரில் அம்பேத்கர், மாடியில் காயும் துணி என எல்லாம் பதிவாகின்றன. படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்துக்குக் கீழே எழுதுவதுதான் போதவில்லை. ‘பழைய மெட்ராஸ்’ என்று இரண்டு சொல் போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு சொல்லில் யாருடைய வரலாறு விடுபடுகிறது என்பதைத்தான் இங்கே பேச வேண்டும்.

முதலில் கால்வாய். பக்கிங்ஹாம் கால்வாயின் பழைய பகுதி 1806-ல் திறக்கப்பட்டது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78-ல், தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பசியோடு வந்த கூலிகள். அந்தக் காலத்தில் நிவாரண வேலைக்கான கூலியை ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார்: ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியத்தில் நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். கால்வாய்க்கோ அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. தோண்டியவர்களில் ஒருவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை.

சேலம் வாசகர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1871-ல் சுமார் 19.6 லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881-ல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. சொந்த நிலமும் சேமித்த தானியமும் இல்லாதவர்கள்தான் முதலில் செத்தார்கள். சேரியில் அவை எவ்வளவு இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பஞ்சத்துக்கும் படம் இருக்கிறது. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் குழுவாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். படம் எடுத்தவர் சோறு போட்டாரா என்ற கேள்வி அன்றே எழுந்தது. இன்றும் அந்தப் படங்களை எல்லோரும் பகிர்கிறார்கள். அதில் இருப்பவர்களின் ஊர் என்ன, பெயர் என்ன என்பது பதிவாகவில்லை. நம் மக்களைப் படம் எடுத்த வரலாறு இப்படித்தான் தொடங்குகிறது: உடம்பு வேண்டும், பெயர் வேண்டாம்.

அடுத்து ஆலை. பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் பின்னி கம்பெனியுடையவை. 1920-ல் இரண்டும் ஒன்றாயின. கிராமத்தில் பண்ணையடிமையாகக் கிடந்த ஆதிதிராவிடருக்கு ஆலைக் கூலி பெரிய விடுதலை. கையில் காசு வந்தது; ஆண்டையின் களத்தில் நிற்க வேண்டியதில்லை. 1918-ல் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். இந்தியத் தொழிற்சங்க வரலாறு அதைப் பெருமையோடு சொல்கிறது. சொல்லட்டும்.

1921 வேலைநிறுத்தத்துக்கு வரும்போதுதான் அதே வரலாறு நம்மைக் ‘கருங்காலி’ என்கிறது. ஆதிதிராவிடர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள் என்பது உண்மை. நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன என்பதும் உண்மை. ஆனால் ஏன் திரும்பினார்கள்? சில மாதங்களுக்கு முன்புதான் நீண்ட கதவடைப்பு முடிந்திருந்தது. ஊரில் நிலம் உள்ளவன் வேலைநிறுத்தக் காலத்தில் ஊருக்குப் போய்ச் சாப்பிடலாம். சேரிக்காரன் எங்கே போவான்? அவன் ஓடிவந்ததே அந்த ஊரிலிருந்துதான். இந்தக் கேள்விக்குச் சங்கத்திடம் பதில் இல்லை. எம்.சி.ராஜா இதைத்தான் பேசினார்.

ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன. பிறகு இரு பக்கமும் அடிதடி. ஆகஸ்ட் 29-ல் போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள். அந்த உயிர்களும் தொழிலாளர் உயிர்கள்தான்; அவர்களை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் எரிந்த குடிசைகளையும் அதே பக்கத்தில் எழுதுங்கள் என்கிறோம். ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்களோ ஆதிதிராவிடருக்கு அரசு செல்லம் கொடுக்கிறது என்று குறைபட்டார்கள். அவர்களை நகரத்தைவிட்டே அகற்ற வேண்டும் என்ற யோசனையும் அப்போதே எழுந்தது. 1923-ல் ராஜா அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார்.

அந்த யோசனையை மறந்துவிடாதீர்கள். ஆலை 1996-ல் மூடப்பட்டது. சினிமாப் படப்பிடிப்புகள் நடந்த ஆலை நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அதில் ஆலைத் தொழிலாளியின் பேரனால் வீடு வாங்க முடியுமா? மறுபுறம், கூவம் கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்தவர்களை 2000-லிருந்து கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர்களில் தலித்துகளே அதிகம். 1921-ல் சொன்னதை எண்பது வருஷம் கழித்து ‘மறுகுடியமர்வு’ என்ற பெயரில் செய்தார்கள். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் ஆனது. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள்.

2020-ல் அந்தக் கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. ஒரு கலை அமைப்பும் பெயிண்ட் கம்பெனியும் மாநகராட்சியும் சேர்ந்து செய்தவை. பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, எனக்கும் பிடித்திருக்கிறது. குற்றவாளிகள் வாழும் இடம் என்று பார்த்தவர்கள் இப்போது கேமராவோடு வருகிறார்கள். அது நல்லதே. ஆனால் வருபவர்கள் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். சுவருக்குள் இருப்பவர் எந்தக் கரையிலிருந்து, எந்த வருஷம், எத்தனை நாள் அவகாசத்தில் தூக்கிவரப்பட்டார் என்று யாரும் கேட்பதில்லை.

சுவர் யாருடையது என்பது எங்களுக்குப் புதிய கேள்வி அல்ல. பா.ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) படம் முழுக்க ஒரு சுவருக்கான சண்டைதான். சேரி இளைஞர்கள் தங்கள் காசில் வரைந்த அம்பேத்கர் ஓவியம் எந்தக் கலை விழாப் பட்டியலிலும் வராது. ஆனால் அதுதான் நம் பொதுக்கலை. மெரினாவில் உழைப்பாளர் சிலை 1959-லிருந்து நிற்கிறது. பாறையைப் புரட்டும் நால்வருக்கும் சாதி இல்லை. சிலைக்கு அது பொருந்தும். ஆலைக்குள் அப்படி இல்லை, சங்கத்துக்குள்ளும் அப்படி இல்லை.

மாற்றமும் நடக்கிறது. ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பழனிக்குமார் போன்றவர்கள் வடசென்னைப் பிள்ளைகளுக்கே கேமரா சொல்லித்தருகிறார்கள். தன் தெருவைத் தானே படம் எடுக்கும் பிள்ளைக்குப் படத்தில் இருப்பவர் ‘யாரோ’ அல்ல, அத்தை, மாமா, பக்கத்து வீட்டு அக்கா. பெயர் தானாகவே வந்துவிடும்.

வெளியிலிருந்து வருபவர்களும் வாருங்கள், எடுங்கள். கால்வாயை எடுத்தால் பஞ்சக் கூலிகள் வெட்டியது என்று எழுதுங்கள். புளியந்தோப்பை எடுத்தால் 1921 என்று எழுதுங்கள். கண்ணகி நகர்ச் சுவரை எடுத்தால் அந்த வீட்டுக்காரர் முன்பு எங்கே இருந்தார் என்று கேட்டு, அவர் சம்மதித்தால் அதையும் எழுதுங்கள். அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: கால்வாய்க் கரையிலும் ஆலை நின்ற தெருவிலும் இந்த வரலாற்றைத் தமிழில் பொறித்து ஒரு கல் நட வேண்டும். சுவருக்குப் பெயிண்ட் வாங்கிய மாநகராட்சிக்கு ஒரு கல் வாங்குவது பெரிய செலவு அல்ல.