மின்னலும் கண்ணாடிக் குடுவையும்



சித்திரை மாதத்து மாலைகளில் மருதமலைக்கு மேல் கருமேகம் திரண்டு மின்னல் வெட்டுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். இடியோடு பெய்த மழைக்குப் பின் பயிர் கூடுதலாகப் பச்சை கட்டும் என்பார்கள் நம் உழவர்கள். அதில் உண்மை உண்டு. மின்னலின் வெப்பம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிளந்து ஆக்சிஜனோடு சேர்க்கிறது. அது மழைநீரில் கரைந்து உரமாக மண்ணில் இறங்குகிறது.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, உயிரை மின்னல்தான் உண்டாக்கிற்று என்று வகுப்பில் சொன்னார்கள். இனி நான் ஆதியாகமத்தை எப்படி வாசிப்பது?" என்று கேட்டார். முகத்தில் கலக்கம் தெரிந்தது. நடந்தது இன்னதென்று அறிந்தபின் கலங்கலாம் என்று அவரை உட்கார வைத்தேன்.

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்லர் என்ற மாணவர், ஒரு கண்ணாடிக் கருவிக்குள் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை அடைத்து, ஒரு வாரம் இடைவிடாமல் மின்பொறி பாய்ச்சினார். முதல் நாளிலேயே நீர் இளஞ்சிவப்பாயிற்று. வார முடிவில் ஆழ்ந்த சிவப்பு. அதில் கிளைசின் முதலிய அமினோ அமிலங்கள் இருந்தன. புரதங்களைக் கட்டும் கற்கள் அவை. அவருடைய ஆசிரியர் ஹெரால்டு யூரே, நோபல் பரிசு பெற்றவர். மாணவனுக்கே பெருமை சேரட்டும் என்று கட்டுரையில் தம் பெயரைச் சேர்க்க மறுத்துவிட்டார். யூரேயின் தகப்பனார் ஒரு சபை ஊழியர் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இந்த ஆராய்ச்சியைப் பிற உலகங்களுக்குக் கொண்டு சென்றவர்களுள் ஒருவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி என்பது பலருக்குத் தெரியாது. சிரில் பொன்னம்பெருமா 1923இல் இலங்கையின் காலி நகரில் பிறந்தவர். 1948இல் சென்னையில் அவர் பெற்ற பட்டம் வேதியியலில் அன்று, தத்துவத்தில். பின்னரே லண்டனில் வேதியியல் கற்று, கலிபோர்னியாவில் முனைவரானார். 1963 முதல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றினார்.

வியாழனின் வளிமண்டலத்தைப் போல மீத்தேனும் அம்மோனியாவும் கலந்து, அதில் அவர் குழு மின்பொறி பாய்ச்சியது. செந்நிறப் பொருள் ஒன்று கிடைத்ததாக 1969இல் எழுதினார்கள். வியாழனின் மேகங்கள் செம்மை பூண்டிருப்பதும் இதனால்தானோ என்ற கேள்வி எழுந்தது. அதற்கு இன்னும் முடிவான விடை இல்லை. ஆனால் வியாழனில் மின்னல் உண்டு என்பதைப் பத்தாண்டு கழித்து, 1979இல், வாயேஜர் 1 அதன் இருண்ட பக்கத்தில் படமெடுத்துக் காட்டியது.

அதே 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்னும் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதிலும் அமினோ அமிலங்கள் இருப்பதைப் பொன்னம்பெருமாவும் கூட்டாளிகளும் கண்டார்கள். யாரோ தொட்ட கைப்பட்டாய் இருக்கலாமே என்ற ஐயம் இயல்பானது. அதற்கு விடை தந்தது ஒரு நுட்பமான அடையாளம். நம் இரு கைகளைப் போல, பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு இட வடிவமும் வல வடிவமும் உண்டு. உயிர்களின் புரதங்கள் இட வடிவத்தையே கொள்கின்றன. விண்கல்லிலோ இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. ஆகவே அவை மனிதர் கையிலிருந்து ஒட்டியவை அல்ல.

மாணவரிடம் மற்றொன்றும் சொன்னேன். குடுவையில் கிடைத்தவை செங்கற்களே, வீடு அல்ல. மில்லருக்குப் பின் எழுபது ஆண்டுகளாகியும் ஒரே ஓர் உயிரணுவைக்கூட எவரும் இவ்வாறு உண்டாக்கவில்லை. ஆதி பூமியின் காற்றில் கரியமில வாயுவும் நைட்ரஜனுமே மிகுந்திருந்தன என்று பின்வந்த பலர் கருதுகிறார்கள். அத்தகைய காற்றில் விளைச்சல் மிகக் குறைவு. ஆயினும் இந்த இடைவெளியைக் காட்டி, "பாருங்கள், இங்கேதான் தேவன் இருக்கிறார்" என்று மேடையில் முழங்குவது எனக்கு உடன்பாடில்லை. நாளை அந்த இடைவெளி நிரம்பினால் என்ன சொல்வோம்? மின்னலுக்கு வழியை வகுத்தவர் யார் என்று யோபு 38ஆம் அதிகாரம் கேட்கிறது. மின்னல் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வதை அது தடுக்கவில்லை.

சனியின் துணைக்கோளான டைட்டனைப் பற்றியும் பேசினோம். கரிமச் சேர்மங்கள் அடர்ந்த செம்மஞ்சள் மூட்டம் சூழ்ந்த உலகம் அது. அதை நூறு முறைக்கு மேல் நெருங்கிப் பறந்த காசினி விண்கலத்துக்கு அங்கே ஒரு மின்னல்கூட அகப்படவில்லை. சூரிய ஒளியும் சனியைச் சூழ்ந்த துகள்களுமே அங்கு அந்த வேலையைச் செய்கின்றன. இதைக் கேட்டதும் மாணவர் சிரித்துவிட்டார். "அப்படியானால் வகுப்பில் நான் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன, ஐயா" என்றார். யோபின் அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டு வரும்படி சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிறு மாலை வாலிபர் கூடுகையில் அவரே இதைப் பற்றிப் பேசுவார்.