திருமண ஒளிப்படங்களின் வரலாறு

திருமண ஒளிப்படம் என்பது மணமக்களையும் மணச் சடங்குகளையும் கூடியிருக்கும் உறவினரையும் படமாகப் பதிவு செய்வதாகும். பேச்சு வழக்கில் இது கல்யாணப் போட்டோ எனப்படுகிறது. இன்று மாப்பிள்ளை அழைப்பு தொடங்கி வரவேற்பு வரை ஒரு திருமணம் ஆயிரக்கணக்கான படங்களாகப் பதிவாகிறது. ஒளிப்படக்கலையின் முதல் நூறு ஆண்டுகளில் நிலைமை வேறு. அக்காலத் திருமணப் படங்களில் பெரும்பாலானவை திருமணம் நடந்த இடத்தில் எடுக்கப்படவில்லை. பல படங்கள் திருமண நாளன்றுகூட எடுக்கப்படவில்லை. எதைப் படமெடுக்கலாம் என்பதை வெளிச்சமும், படத்தகட்டின் வேகமும், படச்சுருளின் விலையும் முடிவு செய்தன. யார் படத்தில் நிற்கலாம் என்பதை வழக்கம் முடிவு செய்தது. முதல் மூன்று தடைகளும் ஒவ்வொன்றாக நீங்கிய கதையும், நான்காவது தடை நீண்டகாலம் நீடித்த கதையுமே திருமண ஒளிப்படங்களின் வரலாறாகும்.

தொடக்கம்

டாகுவேரியோடைப் என்னும் ஒளிப்பட முறை 1839 ஆகஸ்டு 19 அன்று பாரிசில் உலகுக்கு விளக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பதியும் இம்முறையில், தொடக்கத்தில் ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. அசையும் மனிதர்களைப் பதிவு செய்வது அரிதாக இருந்தது. அடுத்த ஆண்டு, 1840 பிப்ரவரி 10 அன்று, இலண்டனில் விக்டோரியா அரசிக்கும் ஆல்பர்ட்டுக்கும் திருமணம் நடந்தது. அதற்கு ஒளிப்படம் கிடையாது. ஜார்ஜ் ஹேட்டர் வரைந்த ஓவியமே அந்நிகழ்வின் காட்சிப் பதிவாக உள்ளது.

இருவரும் இணைந்து நிற்கும் ஒளிப்படங்கள் இன்று பல இடங்களில் அவர்களுடைய திருமணப் படங்கள் என்று காட்டப்படுகின்றன. அவை ரோஜர் ஃபென்டன் 1854-இல் எடுத்தவை. அப்போது அவர்களுக்குத் திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் அணிந்திருப்பது அரசவை உடை. வெண்ணிற ஆடையும் முக்காடும் இருப்பதால் பார்ப்பவர் அதனை மணக்கோலம் என்று எண்ணிவிடுகின்றனர்.

அரச குடும்பத்தின் இரு படங்கள்

1858 ஜனவரி 25 அன்று விக்டோரியாவின் மூத்த மகள் பிரஷ்ய இளவரசர் ஃபிரடெரிக் வில்லியமை மணந்தார். தேவாலயத்துக்குப் புறப்படும் முன் மணக்கோலத்தில் இருந்த மகளையும் பெற்றோரையும் டி. ஆர். வில்லியம்ஸ் படமெடுத்தார. அப்படத்தில் மகளின் முகமும் தந்தையின் முகமும் தெளிவாக இருக்க, அரசியின் உருவம் மட்டும் கலங்கித் தெரிகிறது. மனம் கலங்கி உடல் நடுங்கியதால் தம் உருவம் தெளிவாகப் பதியவில்லை என்று அரசியே குறித்துள்ளார். மகளைப் பிரியும் தாயின் நடுக்கம், தகட்டின் வேகக் குறைவினால் வரலாற்றில் பதிவாகிவிட்டது.

அடுத்த படம் ஒரு வசந்தகாலத் திருமணத்தைச் சேர்ந்தது. 1863 மார்ச் 10 அன்று வேல்ஸ் இளவரசர் எட்வர்டுக்கும் டென்மார்க்கின் அலெக்சாண்டிராவுக்கும் வின்ட்சர் புனித ஜார்ஜ் ஆலயத்தில் திருமணம் நடந்தது. ஆல்பர்ட் 1861 டிசம்பரில் இறந்துவிட்டார். துக்க உடையில் இருந்த விக்டோரியா மற்றவர்களோடு அமராமல், பலிபீடத்தை நோக்கிய உயரமான மாடத்திலிருந்து திருமணத்தைப் பார்த்தார். ஆலயத்துக்குள் நடந்த சடங்கை வில்லியம் பவல் ஃபிரித் ஓவியமாக வரைந்தார். அது 1865-இல் நிறைவுற்றது. ஒளிப்படக் கலைஞர் ஜான் மேயால் மணமக்களைத் தனியே நிறுத்திப் படமெடுத்தார். அவற்றுள் ஒன்றில் மணமக்களுடன் விக்டோரியாவும் இருக்கிறார். கறுப்பு உடையில் அமர்ந்திருக்கும் அவர், மணமக்களைப் பாராமல் ஆல்பர்ட்டின் மார்பளவுச் சிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சடங்கின்போது ஒதுங்கியிருந்த கைம்பெண் தாய், படத்தில் மணமக்களோடு சேர்ந்து இடம்பெற்றார்.

ஸ்டூடியோக் காலம்

ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில் கண்ணாடித் தகட்டின் மீது இரசாயனம் பூசி, அது காயும் முன்பே படமெடுத்துக் கழுவியாக வேண்டும். எனவே இருட்டறை அருகிலேயே இருக்க வேண்டியிருந்தது. திருமண வீட்டுக்குக் கருவியைக் கொண்டு செல்வதைவிட, மணமக்கள் ஸ்டூடியோவுக்கு வருவது எளிது. 1854-இல் பிரான்சில் டிஸ்தேரி காப்புரிமை பெற்ற சிற்றட்டைப் படங்கள், ஒரே தகட்டில் பல படங்களைப் பதிந்து விலையைக் குறைத்தன. அரச குடும்பத்தாரின் சிற்றட்டைகளை மக்கள் வாங்கிச் சேர்த்தனர். நடுத்தர வகுப்பினரும் தங்கள் திருமணத்தையொட்டி அவ்வாறே படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினர்.

ஸ்டூடியோக்களில் கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் இறங்கும். பின்னால் திரைச்சீலை. தலை அசையாதிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி. சில நொடிகள் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால் சிரிப்பதும் கடினம். பழைய திருமணப் படங்களில் மணமக்கள் இறுக்கமாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னை மாகாணத்தில்

ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டரின் முயற்சியால் 1856-இல் சென்னை ஒளிப்படக் கழகம் உருவானது. அரசின் ஒளிப்படக் கலைஞரான லின்னேயஸ் டிரைப், 1857-58இல் திருவரங்கம், தஞ்சாவூர், மதுரை முதலிய இடங்களைப் படமெடுத்தார். அவர் எடுத்தவை பெரும்பாலும் கோயில்களும் கட்டடங்களும் நிலக்காட்சிகளுமே. குடும்பப் படங்கள் வணிக ஸ்டூடியோக்கள் வழியே பரவின. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிக்கோலஸ் நிறுவனமும், பின்னர் வீலே அண்டு கிளைன் நிறுவனமும் சென்னையில் புகழ்பெற்றிருந்தன. 20-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் ஸ்டூடியோக்கள் தோன்றின.

படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் பரவலாக இருந்த காலம் அது. அந்த அச்சத்தையும் மீறித் திருமணத்துக்காக ஒரு படம் எடுத்துக்கொள்வது மெல்ல வழக்கமாயிற்று. மணமக்கள் திருமணம் முடிந்த சில நாட்களுக்குப் பின் முகூர்த்தப் புடவையும் நகைகளும் அணிந்து ஸ்டூடியோவுக்குச் சென்றனர். கணவர் நாற்காலியில் அமர, மனைவி அருகில் நிற்பது அன்றைய படங்களில் அடிக்கடி காணப்படும் அமைப்பு. தூணும் தோட்டமும் வரைந்த திரை, பூச்சாடி வைத்த முக்காலி, கையில் புத்தகம் போன்றவை ஸ்டூடியோவின் பொருட்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் மீது தூரிகையால் வண்ணம் தீட்டித் தருவதும் உண்டு. பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதல் படம் அதுவாகவே இருந்தது. சட்டமிட்டு, சுவரின் உச்சியில், முன்பக்கம் சாய்ந்தவாறு மாட்டி வைத்தனர்.

முகூர்த்தமும் வெளிச்சமும்

தை தவிர, பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மாதங்களிலும் தமிழ்நாட்டில் திருமணங்கள் மிகுதி. சித்திரையும் வைகாசியும் இளவேனில் மாதங்கள். பங்குனி உத்திரத்தில் பல கோயில்களிலும், சித்திரையில் மதுரையிலும் தெய்வத் திருக்கல்யாணங்கள் நடக்கின்றன. கிறித்தவக் குடும்பங்களும் தவக்காலத்தில் திருமணத்தைத் தவிர்த்து, உயிர்த்த ஞாயிறுக்குப் பின் நாள் குறிப்பது வழக்கம். ஆண்டில் வெளிச்சம் மிகுந்த பருவம் இது. ஆனால் ஒளிப்படக் கலைஞருக்கு இந்த வெளிச்சம் முழுமையாகப் பயன்படவில்லை. பல இந்துத் திருமணங்களின் முகூர்த்தம் பிரம்ம முகூர்த்தத்திலோ சூரியன் எழுந்த சற்று நேரத்திலோ அமைந்தது. கீற்றுப் பந்தலின் நிழலும் ஓமப்புகையும் வேறு. தாலி கட்டுவதோ சில நொடிகளில் முடிந்துவிடும். சுற்றி நிற்பவர்கள் அட்சதை தூவக் கைகளை உயர்த்துவதால் மணமக்களின் முகமும் மறையும். இக்காரணங்களால், திருமணத்தின் மையமான அந்த நொடி ஒளிப்படத்தில் இடம்பெற நீண்டகாலம் ஆயிற்று.

ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் 1871-இல் அறிவித்த உலர்தகட்டு முறை, கருவியை இருட்டறையிலிருந்து விடுவித்தது. 1887-இல் ஜெர்மனியில் மீத்தேயும் கேடிக்கேயும் மக்னீசியம் கலந்த ஒளிர்பொடியை உருவாக்கினர். அது தீயும் புகையும் எழுப்பியதால் பந்தலுக்குள் கையாள்வது ஆபத்தானது. 1929-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த ஒளிர்குமிழ் பாதுகாப்பானது என்றாலும், ஒரு குமிழ் ஒரு படத்துக்கே பயன்படும். பின்னர் மின்னணு ஃபிளாஷ் பரவியபோதுதான் இருட்டு முகூர்த்தத்தைத் தாராளமாகப் படமெடுக்க முடிந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேலை நாடுகளில் திருமணங்கள் பெருகின. படச்சுருளும் ஒளிர்குமிழும் கையில் இருந்ததால் பலர் திருமணங்களுக்கே நேரில் சென்று படமெடுத்து விற்றனர். ஸ்டூடியோ வைத்திருந்தவர்களும் வெளியே வர வேண்டியதாயிற்று. திருமண நாள் முழுவதையும் படமெடுக்கும் தொழில் இப்படித்தான் வலுப்பெற்றது.

பன்னிரண்டு படங்கள்

தமிழ்நாட்டுத் திருமணங்களில் பல ஆண்டுகள் புழங்கியவை ரோலிகார்டு, யாஷிகா போன்ற இரட்டை வில்லைக் கருவிகள். வயிற்றளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்கும் அக்கருவியில் காட்சி இடவலம் மாறித் தெரியும். 120 எனப்படும் சுருளில் சதுர வடிவில் பன்னிரண்டு படங்கள் மட்டுமே எடுக்கலாம். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் சுருளுக்குத் தட்டுப்பாடு இருந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம், 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை விற்றது.

இரண்டு மூன்று சுருள்களுக்குள் ஒரு திருமணத்தை முடிக்க வேண்டும் என்றால், எதை எடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். மாலை மாற்றுதல், தாலி கட்டுதல், அம்மி மிதித்தல், பெற்றோருடன் மணமக்கள், இரு வீட்டாரின் குழுப்படம் என்று ஒரு வரிசை உருவானது. சுயமரியாதைத் திருமணங்களில் தலைமை தாங்குபவரும் ஒலிபெருக்கியும் மாலை மாற்றுதலும் மையக் காட்சிகளாயின. 1967-இல் சட்டத் திருத்தம் கொண்டுவரப்படும் வரை அத்திருமணங்களுக்குத் தெளிவான சட்ட ஏற்பு இருக்கவில்லை. அவற்றின் படங்கள் இன்று சமூக வரலாற்று ஆவணங்களாகவும் மதிக்கப்படுகின்றன.

ஒளிப்படக் கலைஞரின் சொல் மணமேடையில் நுழைந்ததும் இக்காலத்தில்தான். தலைகுனிந்து இருப்பதே மணப்பெண்ணுக்கு அழகு என்று பெரியவர்கள் சொல்ல, 'கொஞ்சம் நிமிரும்மா' என்று கலைஞர் கேட்டுக்கொண்டார். தாலியைக் கையில் பிடித்தபடி மணமகன் ஒரு நொடி நிற்பதும், படத்துக்காக மாலையை மீண்டும் போடுவதும் திருமணத்தின் பகுதிகளாயின.

படத்தில் இல்லாதவர்கள்

பழைய குழுப்படங்களைப் பார்ப்போர் அவற்றில் இருப்பவர்களை அடையாளம் காண்பார்கள். இல்லாதவர்களைக் கவனிப்பது அரிது. கைம்பெண்கள் மங்கல நிகழ்வின் முன்வரிசைக்கு வரலாகாது என்ற வழக்கத்தால், பெற்ற தாயே தூணுக்குப் பின்னால் நின்ற திருமணங்கள் பல. தாரை வார்க்கும் இடத்தில் சித்தப்பாவும் சித்தியும் நிற்க, மணமகளை வளர்த்த தாய் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். சமையல்காரர், நாதசுவரக் கலைஞர், பந்தல் போட்டவர் ஆகியோரும் ஓரங்களில் தற்செயலாகப் பதிந்தால்தான் உண்டு. இதற்குச் சுருளின் விலை மட்டும் காரணமன்று. எத்தனை ஆயிரம் படங்கள் எடுத்தாலும், மேடைக்கு அழைக்கப்படாதவர் படத்தில் வருவதில்லை. தாயை மேடையில் அமர்த்தும் குடும்பங்கள் பெருகிவரும் இந்நாளில், அந்த மாற்றத்தின் சான்றாக இருப்பவையும் திருமணப் படங்களே.

வண்ணம், காணொளி, எண்ணிமம்

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் வண்ணப்படங்கள் பரவின. 1980களில் வி.எச்.எஸ். நாடாவில் திருமணத்தைக் காணொளியாக எடுப்பதும் சேர்ந்துகொண்டது. வண்ணப்படங்கள் சாயத்தால் ஆனவை. காலப்போக்கில் சாயம் மங்கி அப்படங்கள் செந்நிறம் அடைகின்றன. நன்கு கழுவப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் வெள்ளியால் ஆனவை என்பதால் நீண்டகாலம் நிலைக்கின்றன. எனவே பல வீடுகளில் தாத்தா பாட்டியின் ஒரே படம் தெளிவாக இருக்க, பெற்றோரின் ஆல்பம் மங்கிக்கொண்டிருக்கிறது.

2000-ஆம் ஆண்டுக்குப் பின் எண்ணிமக் கருவிகள் வந்ததும் படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பில்லாமல் போயிற்று. இயல்பாக இருக்கும்போது எடுக்கும் 'கேண்டிட்' படங்கள் விரும்பப்பட்டன. திருமணத்துக்கு முன்பே கடற்கரையிலும் மலையிலும் எடுக்கும் படப்பிடிப்பும் வழக்கமானது. இதில் ஒரு சுழற்சி தென்படுகிறது. தொழில்நுட்பம் இடம் தராததால் முன்னோர் திருமண நாளுக்கு வெளியே படமெடுத்தனர். எல்லா வசதியும் கொண்ட இன்றைய மணமக்கள் விரும்பியே அதைச் செய்கின்றனர்.

பாதுகாப்பு

ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது நெகட்டிவ்கள் பெருமளவு அழிந்தன. அவற்றிலிருந்த வெள்ளிக்காகவும் கண்ணாடிக்காகவும் விற்கப்பட்டவை உண்டு. ஈரமும் கரையானும் அழித்தவை வேறு. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்டத்தின் உதவியுடன் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்ணிம வடிவில் பாதுகாத்துள்ளது. அத்தகைய திட்டங்கள் எட்டாத இடங்களில் இப்பணி குடும்பங்களிடமே உள்ளது. படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதி வைப்பது எளிய வழி. அவற்றோடு, அன்று வந்திருந்தும் படத்தில் இடம்பெறாதவர்களின் பெயர்களையும் முதியவர்களிடம் கேட்டு எழுதி வைத்தால் அந்தத் திருமணத்தின் பதிவு முழுமை பெறும்.