எடின்பரோவில் எழுதிய ஜன்னல்

ஒரே நிரல் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட வேண்டும், கருவிக்குக் காசும் கொடுக்கக் கூடாது. இந்த வசதி வந்த கதையைப் பலரும் நார்வேயின் க்யூடி நூலகத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் எடின்பரோவிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

1992-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில், செயற்கை நுண்ணறிவுப் பயன்பாடுகளுக்கான நிறுவனத்தில் ஜூலியன் ஸ்மார்ட் என்பவர் ஹார்டி என்ற வரைபட மென்பொருளைச் செய்துகொண்டிருந்தார். அது சன் கணினியிலும் ஓட வேண்டும், விண்டோஸ் பிசியிலும் ஓட வேண்டும். விலைக்குக் கிடைத்த கருவிகள் அந்தத் திட்டத்தின் கைக்கு எட்டவில்லை. அவரே ஒரு சி++ நூலகம் எழுதி டபிள்யூஎக்ஸ்விண்டோஸ் என்று பெயர் வைத்தார். அதை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கப் பல்கலைக்கழகமும் சம்மதித்தது. பெயரில் விண்டோஸ் இருப்பதை மைக்ரோசாஃப்ட் ஆட்சேபிக்க, 2004-ல் அது டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் ஆனது.

அதன் வழி எனக்கு மிகவும் பிடித்தது. பொத்தானை அது தானே வரைவதில்லை. விண்டோஸில் விண்டோஸின் பொத்தானையே எடுத்துக்கொள்ளும், லினக்ஸில் ஜிடிகே என்ற நூலகத்தின் பொத்தானை. கடைக்காரர்களுக்கான பில் மென்பொருளுக்கு நான் தமிழ் முகப்பு செய்கிறவன். 'ஓகே' இருந்த இடத்தில் 'உறுதிசெய்' என்று போட்டால், விண்டோஸின் பழைய பாணி உரையாடல் பெட்டியில் கடைசி எழுத்து வெட்டுப்படும். அங்கே ஒவ்வொரு பொத்தானின் இடமும் அகலமும் எண்ணாகவே எழுதப்பட்டிருக்கும். டபிள்யூஎக்ஸில் பின்னாளில் சேர்ந்த சைசர் என்ற அடுக்கும் முறையில் அந்த எண்களுக்கு வேலையில்லை. சொல் நீண்டால் பொத்தானும் நீளும், பக்கத்துப் பெட்டி தானே நகர்ந்து இடம் கொடுக்கும். தமிழ்ச் சொற்களின் நீளத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

க்யூடி பிறந்ததும் இதே தேவையில்தான். 1990-ல் ட்ரோன்ட்ஹைமில் ஹோவர்ட் நூர்டும் ஐரிக் சாம்பே-எங்கும் அல்ட்ராசவுண்ட் படங்களுக்கான தரவுத்தளம் ஒன்றை யூனிக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றுக்கும் செய்ய வேண்டியிருந்தது. 1995-ல் அவர்களுடைய நூலகம் வெளியே வந்தது. உழைப்பிலும் நேர்த்தியிலும் அதற்கு நிகரில்லை. ஆனால் யூனிக்ஸ் பதிப்புக்கு 2000-ல் கிடைத்த ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம், விண்டோஸ் பதிப்புக்கு 2005-ல் க்யூடி 4 வந்தபோதுதான் கிடைத்தது. சிறு ஊர்களில் பிசி என்றாலே விண்டோஸ்தான். அங்கே எழுதப் பழகியவனுக்கு அந்த ஐந்து ஆண்டு பெரிய இடைவெளி.

நூலகம் மட்டும் இலவசமாக இருந்தால் போதாது, கம்பைலரும் வேண்டும். காலின் பீட்டர்ஸ் 1998-ல் தந்த மின்ஜிடபிள்யூ அந்தக் குறையைத் தீர்த்தது. ஜிசிசி என்ற இலவச கம்பைலரை வைத்தே நேரடியாக விண்டோஸ் நிரல் செய்யலாம், விண்டோஸோடு வரும் சி நூலகமான எம்எஸ்விசிஆர்டி டிஎல்எல்லே அதற்குப் போதும். இந்த வரலாற்றில் மிகக் குறைவாகப் பாராட்டப்பட்ட வேலை இதுதான் என்பேன். விண்டோஸில் நாம் படம் பார்க்கும் விஎல்சியைக்கூட லினக்ஸ் கணினியில் மின்ஜிடபிள்யூ வழியில் வந்த கருவிகளால்தான் தொகுக்கிறார்கள். அதன் முகப்பு ஒரு காலத்தில் டபிள்யூஎக்ஸில் இருந்தது, 2008-ல் க்யூடிக்கு மாறியது.