தேயிலை மலையிற் பதிந்த சுவடு

நுவரெலியா, அட்டன் மலைச்சரிவுகளில் வாழும் நேயர்களே! உங்கள் மலைகளைப் போலத் தேயிலை விளையும் டார்ஜிலிங்கில் ஒருகால் விண்கதிர்களும் ஆராயப்பட்டன. கல்கத்தா போஸ் ஆராய்ச்சி நிலையத்தின் தேவேந்திர மோகன் போசும் பிபா சௌதுரி அம்மையாரும் அங்கே புகைப்படத் தகடுகளை வைத்து மெசோன் துகள்களின் சுவடுகளைத் திரட்டினர். முடிவுகளை 1941, 1942ஆம் ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். போர்க்காலத்தில் உயர்தரத் தகடுகள் கிட்டாமையால் முயற்சி தடைப்பட்டது. 1947இல் பவல் குழுவினர் மேம்பட்ட தகடுகளிற் பையானைக் கண்டனர்; பவல் 1950இல் நோபல் பரிசு பெற்றார்.

புரோத்தனின் திணிவில் ஏறக்குறைய ஏழிலொரு பங்கே உடைய இப்போசான் இத்துணை இலேசாயிருப்பது ஏன்? இயற்கை விதிகளிலுள்ள ஒரு சமச்சீர்மை வெற்றிடத்தில் மறைந்து நிற்பதே காரணம் என 1960ஐ ஒட்டி நம்பு விளக்கினார். அச்சமச்சீர்மை முழுமையானதாயின் பையானின் திணிவு சுழியமாகும். அதிற் சிறுகுறை உண்டு, ஆதலாற் சிறுதிணிவும் உண்டு.

பரிசு பெற்றவரைப் போற்றும் வரலாறு, மலையேறித் தகடு வைத்தவரையும் மறத்தலாகாது.